உப்புக் காற்றில் நான்கு சைக்கிள்கள்

சீட் பைப் அசையவில்லை. கிளாம்ப் நட்டை முழுவதும் கழற்றிவிட்டு, சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துத் திருகினேன். சைக்கிளே என்னோடு சேர்ந்து திரும்பியதே தவிர, பிரேமுக்குள் இருந்த பைப் மயிரிழைகூட நகரவில்லை. வெளியே பார்த்தால் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது, ஒரு துருப்புள்ளி இல்லை. கிளாம்பின் பிளவில் மட்டும் சுண்ணாம்பு போல வெள்ளையாகக் கொஞ்சம் தூள்.

இது அக்கா மகனுடைய கியர் சைக்கிள். கோயம்புத்தூரில் படிக்கிறான். சென்ற வைகாசியில் இங்கே பாம்பனுக்குக் கொண்டுவந்து, தனுஷ்கோடிக் கடைமுனையான அரிச்சல்முனை வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். 2017-இல் திறந்த அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் கடல், காற்றடித்தால் மணல் தார்ச்சாலையைக் குறுக்கே கடந்து ஓடும், முகத்தில் கைவைத்தால் உப்புப் பிசுபிசுக்கும். திரும்பி வந்தவன் சைக்கிளைத் திண்ணைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கல்லூரி திறக்கிறது என்று ஊருக்குப் போய்விட்டான். நானும் அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி வைத்ததோடு சரி. அந்தச் சாக்குதான் பெரிய பிழை என்று இப்போது தெரிகிறது. ஈரத்தை வெளியே விடாமல் எட்டு மாதம் பொத்தி வைத்திருக்கிறேன்.

தையில் மழை ஓய்ந்து வெயில் கண்டதும் வீட்டுச் சைக்கிள்களை முற்றத்தில் நிறுத்திப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த ஆண்டு நான்கு சேர்ந்தன. அப்பாவின் பழைய ஹெர்குலிஸ், மகளுக்குப் போன ஆண்டு 11-ஆம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி, அக்கா மகனின் கியர் சைக்கிள், எதிர்வீட்டுப் பெரியப்பா மீன்பெட்டி கட்டிப்போகும் சைக்கிள். நான்கையும் வரிசையாகப் பிரித்தபோது தெளிவானது ஒன்று உண்டு. உப்பு நான்கையும் தின்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் வேறுவேறு இடத்தில் தின்கிறது. பழைய இரும்புச் சைக்கிள் தன் நோயை வெளியே காட்டிவிடுகிறது. புதிய அலுமினியச் சைக்கிள் உள்ளே மறைத்து வைத்திருக்கிறது. அதனால் எல்லாச் சைக்கிளுக்கும் ஒரே பராமரிப்பு என்று யாராவது சொன்னால் எங்கள் கரையில் அது பொருந்தாது.

பாம்பனில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வடகடல் என்பது பாக் விரிகுடா, தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் பொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடிக்கும்போது வடகடல் பொங்கும். எந்தக் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கச் சுவரில் சைக்கிளைச் சாய்க்கக் கூடாது என்பது அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆண்டுக்கு இரண்டு முறை சைக்கிள் நிற்கும் இடத்தை மாற்றுவோம்.

காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத திவலையாக வந்து படிகிறது. பகலில் காய்ந்து கிடக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலைதான். எங்கள் ஊரில் விடியற்காலைக் காற்று பல நாள் அந்த அளவைத் தாண்டிவிடும். அதாவது மழையில் ஒரு துளிகூட நனையாத சைக்கிளும் இரவெல்லாம் உப்புநீரில் நனைகிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப்பகுதி இரும்பு அரித்துப்போனதால் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்து, இணைப்புகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். பாலத்துக்கே அத்தனை காப்பு தேவைப்படும் காற்றில்தான் சைக்கிளும் நிற்கிறது.

எந்த நீரில் கழுவுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் நான் பல ஆண்டுகள் தவறு செய்தேன். கடற்கரைக்குப் போய்வந்தால் சைக்கிளைக் கழுவ வேண்டும் என்று தெரியும். ஆழ்குழாய் நீரை ஹோஸில் பீச்சி அடித்துக் கழுவிவிட்டு, சுத்தம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆழ்குழாய் நீர் உவர். ஒரு நாள் எவர்சில்வர் தட்டில் அந்த நீரில் சில துளிகளையும், பக்கத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீரில் சில துளிகளையும் விட்டு வெயிலில் வைத்தேன். காய்ந்த பிறகு ஒரு பக்கம் லேசான வட்டம். இன்னொரு பக்கம் நகத்தால் சுரண்டும் அளவுக்கு வெள்ளைப் படலம். நான் உப்பைக் கழுவவில்லை, புதிதாகப் பூசியிருக்கிறேன். உங்கள் வீட்டு நீரையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

குடிநீரோ முறை வைத்து வருகிறது. அதைச் சைக்கிளுக்கு ஊற்ற மனம் வராது, ஊற்றவும் கூடாது. அதனால் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். ஒரு சைக்கிளுக்கு ஒரு வாளிகூட வேண்டாம், இரண்டு செம்பு போதும். பழைய கைலித் துணியை நனைத்துப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடைப்பது, துணியை அலசி மறுபடி துடைப்பது, பிறகு காய்ந்த துணியால் ஒற்றுவது. ஹோஸில் பீச்சினால் நீர் அச்சுக்குள்ளும் ஹேண்டில் கப்புக்குள்ளும் புகும். துணியால் துடைத்தால் உப்பு மட்டும் துணியோடு வந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை, ஒரு சைக்கிளுக்குப் பத்து நிமிடம்.

இனி சீட் பைப்புக்கு வருகிறேன்.

பிரேம் அலுமினியம், பைப் இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் இருந்தால் அது ஒரு பேட்டரி. அதில் அலுமினியம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கரைந்த அலுமினியம் வெள்ளைத் தூளாகிறது, அந்தத் தூள் கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் அடைக்கும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் குழாய்க்குள் அந்தத் தூள் ஆப்பு வைத்தது போல உட்கார்ந்துகொள்கிறது. சுத்தியலால் அடித்தால் பிரேம்தான் பிளக்கும். சைக்கிள் கடையில் சொன்னபடி அறுத்து எடுக்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை.

முதல் நாள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். பைப் இறங்கும் பிரேம் குழாயை, அதாவது சீட் குழாயைப் பார்த்தால், தண்ணீர் பாட்டில் மாட்டுவதற்கு இரண்டு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் குழாயின் உள்ளே வழி கிடைக்கிறது. அந்தத் துளை வழியாகத் துருநீக்கி எண்ணெயை ஊற்றினேன். தலைகீழாக இருப்பதால் எண்ணெய் இறங்கிப் பைப்பின் அடிமுனையில் போய்த் தேங்கும். மறுநாள் நேராக நிறுத்தி, கிளாம்ப் பிளவு வழியாக மேலிருந்து ஊற்றினேன். இப்படி மாற்றி மாற்றி நான்கு நாள். காலையிலும் மாலையிலும் ரப்பர்ச் சுத்தியலால் சீட் குழாயை மெதுவாகத் தட்டினேன். அந்த அதிர்வில் எண்ணெய் இன்னும் உள்ளே இறங்கும்.

நான்காம் நாள் மாலை கொதிநீர். சூடுபட்டால் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். வெளியே இருப்பது அலுமினியம், உள்ளே இருப்பது இரும்பு. சூடேற்றினால் வெளிக்குழாய் அதிகம் விரிந்து பிடி தளரும். (எதிர்மாறாக, இரும்பு பிரேமுக்குள் அலுமினியப் பைப் சிக்கியிருந்தால் சூடேற்றக் கூடாது, இன்னும் இறுகும். அதற்கு ஐஸ்தான் வேண்டும்.) சீட் குழாயைச் சுற்றித் துணியைக் கட்டினேன். மனைவி கெண்டியிலிருந்து கொதிநீரைத் துணியின் மேல் மெல்ல ஊற்ற, நான் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் திருகினேன். இரண்டாவது கெண்டியில் டக்கென்று ஒரு சத்தம். உடைந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பைப் கால்வாசி சுற்றுத் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகும் இழுக்கவில்லை. திருகிக்கொண்டே, எண்ணெய் விட்டுக்கொண்டே, சிறிது சிறிதாக மேலே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த பைப்பில் ஈரச் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை. குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி பிரேம் குழாயின் உட்புறத்தை ஒன்றரைச் சாண் ஆழத்துக்குத் தேய்த்து, துணியை விட்டுத் துடைத்தெடுத்தேன். பைப்பின் மேல் படகு எஞ்சின் பட்டறையில் வாங்கிய கிரீஸைத் தடவி உள்ளே இறக்கினேன். விசைப்படகுகளின் சுழல்தண்டுக்குப் போடும் கிரீஸ் அது, நீரில் எளிதில் கரைந்து போகாது. சைக்கிள் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கிரீஸைவிட எங்கள் ஊருக்கு இதுதான் உகந்தது என்பது என் முடிவு. அந்தப் பட்டறையில் கால் கிலோ வாங்கினால் நான்கு சைக்கிளுக்கு இரண்டு ஆண்டு வரும்.

இதே சிக்கல் பெடலிலும் இருந்தது. பெடலைத் தாங்கும் கையான கிராங்க் அலுமினியம், அதில் இரும்புப் பெடல் அச்சு. இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறந்துவிட்டு சாதாரண நட்டைக் கழற்றுவது போலத் திருகி இறுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர். ஒரே விதி போதும்: ஸ்பேனரின் கைப்பிடியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரம் இருக்கும் பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும். இரண்டு பெடலையும் கழற்றி மரையில் கிரீஸ் தடவி மாட்டினேன். கியர் ஒயர்கள் அவற்றின் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நின்றுவிட்டதால், எஃகு ஒயரும் புதிய உறையும் போட்டேன். பழைய ஒயருக்கு எண்ணெய் விட்டு ஓட்டலாம் என்று பார்ப்பது நேர விரயம். இரண்டு வாரத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். புதிய ஒயர் போட்டதும் சங்கிலி பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கியது. பின் கியரில் ஒயர் நுழையும் இடத்திலுள்ள சிறிய திருகு மூடியை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பியதும் ஏறிக்கொண்டது. டிஸ்க் பிரேக்கின் பக்கம் எண்ணெய்க் கையோடு போகவே கூடாது. ஒரு துளி பட்டாலும் பேட் அதைக் குடித்துவிடும், பிறகு பிடிக்காது, ஊளையிடும்.

அப்பாவின் ஹெர்குலிஸ் வேறு உலகம்.

1978-இல் இராமநாதபுரத்தில் வாங்கியது. அப்போது பாம்பனுக்குச் சாலைப் பாலம் கிடையாது, அது 1988-இல்தான் வந்தது. சைக்கிளை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. நாற்பது ஆண்டுக்கும் மேலாக இந்தக் காற்றில் நிற்கிறது. அது எப்படி நிற்கிறது என்பதற்கு விடை, அதைப் பிரிக்க முடியும் என்பதுதான். ஒவ்வொரு உறுப்பும் கழலும், ஒவ்வொரு பேரிங் குண்டையும் மாற்றலாம், தனித்தனியாகக் கடையில் கிடைக்கும்.

ஓவராயில், அதாவது முழுவதும் பிரித்துப் பூட்ட, முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். முதலில் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின். அதன் நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு அடித்தால் மரை நசுங்கிவிடும், பிறகு நட்டு ஏறாது. நட்டைப் பின்னின் முனைக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடிக்க வேண்டும். பத்து மெல்லிய அடிகள் பின்னைக் கெடுக்கும், ஒரு சரியான அடி எடுத்துவிடும். வலப்பக்கப் பின் ஒரே அடியில் வந்தது. இடப்பக்கம் வரவில்லை, அதற்கு ஓர் இரவு எண்ணெயில் ஊற வேண்டியிருந்தது.

அடுத்து பி.பி., அதாவது கிராங்க் அச்சு சுழலும் கூடு. அதன் கப்பை இடப்பக்கம் மட்டும் கழற்றினேன். வலப்பக்கக் கப்புக்கு மரை எதிர்ப்பக்கம், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும், துணியை விட்டுத் துடைத்தால் போதும். உள்ளேயிருந்து அரைக் கரண்டி அளவுக்குச் சாம்பல் நிற நீர் வழிந்தது. கிரீஸும் நீரும் கலந்து மோர் போல ஆகியிருந்தது. அது மேலேயிருந்து, சீட் குழாய் வழியாக இறங்கி வந்த நீர். பி.பி. கூட்டின் அடியில் ஒரு சிறிய துளை உண்டு, அது மண்ணால் அடைத்திருந்தது. அந்தத் துளையைக் குத்தித் திறப்பதே பாதி வைத்தியம். பலர் அதை எண்ணெய் விடும் துளை என்று நினைத்து மூடிவிடுகிறார்கள்.

குண்டுகளை எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். பி.பி.யில் கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு 11. முன் அச்சில் அதைவிடச் சிறியது, ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, பக்கத்துக்கு 10. பின் அச்சில் கால் அங்குலம், பக்கத்துக்கு 9. ஒரு குண்டு மங்கியிருந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் மாற்றிவிடுவேன். பழைய குண்டு தேய்ந்து சிறுத்திருக்கும், புதியது முழு அளவில் இருக்கும். இரண்டையும் கலந்தால் பாரமெல்லாம் புதிய குண்டின் மேல் விழுந்து கப்பில் குழி விழும். கப்பில் கிரீஸை நிறைத்து, குண்டுகளை அதில் பதித்து, அச்சை நுழைத்து, குண்டுகளை அழுத்தும் கூம்பு நட்டான கோனை விரலால் முடிந்தவரை இறுக்கி, அங்கிருந்து கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டு போட்டேன். சக்கரத்தை மாட்டியபின் ஒரு சோதனை இருக்கிறது. சைக்கிளைத் தூக்கி, டியூபின் வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை விட்டால், வால்வின் எடைக்கே சக்கரம் திரும்பி அது கீழே வந்து நிற்க வேண்டும். நின்றது. அப்பா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ரிம்மின் உட்புறத்தைப் பார்க்காமல் யாரும் டயரை மாட்டாதீர்கள். கம்பி பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது அச்சைப் பார்த்த பக்கத்தைத்தான் பிடிக்கிறது; அங்கே துரு இருந்தால் எல்லார் கண்ணிலும் படும். டியூப் உட்காரும் பக்கத்தில் நடப்பதுதான் தெரியாது. வால்வுத் துளை வழியாக உப்பு உள்ளே போய், போக்ஸ் கம்பிகளை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்களின் தலைகளைச் சுற்றிக் குடைந்துவிடும். பின் ரிம்மில் நான்கு இடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. உப்புத்தாள் போட்டு, துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கை அடித்து, இரண்டு நாள் காயவிட்டேன். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, ரிம் டேப்பாகச் சுற்றினேன். கடையில் விற்கும் துணி டேப் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது, ரப்பர் வைத்துக்கொள்வதில்லை.

மட்கார்டின் உட்புறத்துக்கு அப்பா பூசுவது மீன் எண்ணெய். நாட்டுப்படகின் பலகைக்குப் பூசுகிறார்களே, அதே எண்ணெய்தான். நான்கைந்து நாள் வாசனை போகாது, பூனைகள் வந்து நக்கிப்பார்க்கும். ஆனால் அது காற்றுப்பட்டு இறுகிப் படலமாகிவிடும், நீர் ஒட்டாது. அதே குணத்தால்தான் அதைச் சங்கிலிக்கு விடக் கூடாது. சங்கிலிக்குள் இறுகினால் கோந்து போலப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெயும் சங்கிலிக்கு ஆகாது, மணலை இழுத்துக்கொள்ளும். சங்கிலிக்கு எஞ்சின் ஆயில் கலப்பு இல்லாத மெஷின் ஆயில், ஒவ்வொரு உருளைக்கும் ஒரே துளி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே மினுங்கும் எண்ணெய் மணலைக் கூப்பிடும்.

சங்கிலி தேய்ந்துவிட்டதா என்பதற்குச் சாதாரண இரும்பு அடிக்கோல் போதும். புதிய சங்கிலியில் ஓர் உள் கண்ணியும் ஒரு வெளிக் கண்ணியும் சேர்ந்தால் சரியாக ஓர் அங்குலம். பன்னிரண்டு இணைகளை அளந்தால் 12 அங்குலம் வர வேண்டும். அப்பாவின் சைக்கிளில் 12 அங்குலத்துக்கு மேல் எட்டில் ஒரு பங்கு வந்தது, மாற்றிவிட்டேன். கியர் சைக்கிளில் அதில் பாதி தேய்ந்தாலே மாற்றிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சங்கிலி பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும், பிறகு செலவு இரட்டிப்பாகும்.

மகளின் சைக்கிளில் துரு அதிகமில்லை. அவளுடைய எதிரி முள். பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், அதற்கு உள்ளே உடைமரம். வேலி வெட்டும் நாளில் அந்தச் சாலையில் போனால் பஞ்சர் நிச்சயம். பரீட்சைக் காலத்தில் மூன்று முறை தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவது முறை, "இனிமேல் நானே ஒட்டிக்கொள்கிறேன், சொல்லிக்கொடுங்கள் அப்பா" என்றாள். எனக்கு அன்று அவ்வளவு மகிழ்ச்சி.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கேயும் எழுதுகிறேன். டயரை மாட்டும்போதே டயரில் எழுத்து இருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டவேண்டும். அப்படி மாட்டினால், டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரில் முள்ளும் அதே தூரத்தில் இருக்கும், தேட வேண்டியதில்லை. டயரின் உட்புறத்தை விரலால் தடவாதே, பஞ்சால் தடவு. ஒடிந்து உள்ளே நிற்கும் முள்முனையில் பஞ்சு மாட்டிக்கொள்ளும், விரலில் ரத்தம் வராது. கருவேல முள் நீளமானது, காற்று இறங்கியபின் ஒரு பக்கம் நுழைந்து எதிர்ச்சுவரையும் துளைத்திருக்கும். ஓர் ஓட்டையைக் கண்டதும் தண்ணீர்த் தொட்டியை மூடிவிடாதே, நேர் எதிரே இன்னொன்று இருக்கிறதா என்று பார். சொலூஷன் தடவியதும் ஒட்டாதே. விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடு, நான்கைந்து நிமிடம் ஆகும், அதற்குப் பிறகு ஒட்டி அழுத்து. பஞ்சர் பிரிந்துவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்த நான்கு நிமிடம் பொறுக்காதவர்கள்.

வால்டியூப் இன்னொன்று. காற்று இரவில் இறங்கிக் காலையில் தட்டையாக இருந்தால், டியூபைக் கழற்றுவதற்கு முன் வால்வின் வாயில் எச்சில் தடவிப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் பஞ்சர் இல்லை, உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் குழல் வெந்துபோயிருக்கிறது. வெயிலில் நிற்கும் சைக்கிளில் அது சில மாதங்களில் இற்றுவிடும். ஒரு விரற்கடை நீளத் துண்டை வெட்டி, நனைத்துச் செருகினால் வேலை முடிந்தது. மகளின் ஜியாமெட்ரி பெட்டியில் இப்போது காம்பஸுக்குப் பக்கத்தில் இரண்டு துண்டு வால்டியூப் இருக்கிறது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியாகப் பெரியப்பாவின் சைக்கிள். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் கனத்தது. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டுக் கட்டி, ஊர் ஊராகப் போய்வருகிறார். "தம்பி, பெடலை மிதித்தால் சில நேரம் வண்டி போகிறது, சில நேரம் கால் மட்டும் சுற்றுகிறது" என்றார். பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் சிறிய பூனைநகம் போல இரண்டு கொக்கிகள் உண்டு. அவை மெல்லிய வில்லின் விசையில் எழுந்து பல்லைப் பிடித்தால்தான் மிதி சக்கரத்துக்குப் போகும். உப்பும் மீன்நீரும் காய்ந்து கொக்கிகள் படுத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. பாரத்தோடு ஒரு மேட்டில் ஏறும்போது திடீரென்று மிதி வெறுமையானால் ஆள் முன்னால் விழுவார்.

ஃப்ரீவீலைக் கழற்றி டீசலில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் சுற்றிச் சுற்றிக் கழுவ, கறுப்பு நீர் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. நான்காம் முறை டிக்டிக் என்று தெளிவான சத்தம் வந்தது. அதற்குள் கிரீஸ் வைக்கக் கூடாது, கிரீஸின் தடிப்பே கொக்கியை எழவிடாது. இளகிய எண்ணெய் சில துளிகள் போதும்.

ஆனால் கழுவி மாட்டிக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் மறுபடி வரும். காரணம் சைக்கிளில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. ஐஸ் உருகி, மீன் ரத்தமும் உப்பும் கலந்த நீர் பெட்டியின் அடியில் கசிந்து, கேரியர் வழியாக நேராக ஃப்ரீவீலின் மேலும் பின் அச்சின் மேலும் சொட்டுகிறது. வலப்பக்கம்தான் சங்கிலி. பெட்டியின் அடியில் இடப்பக்கப் பின்மூலையில் ஒரு துளை போட்டு, அரை அங்குல ஹோஸ் துண்டைச் செருகி, ஓரத்தை எம்-சீல் வைத்து அடைத்து, ஹோஸின் முனை சக்கரத்துக்கு வெளியே, தரையைப் பார்த்துத் தொங்கும்படி கம்பியால் கட்டினேன். பெட்டிக்கு அடியில் அந்த மூலை தாழ்ந்திருக்க, எதிர் மூலையில் ஒரு பழைய டயர்த் துண்டை அண்டை கொடுத்தேன். கேரியருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு தார்ப்பாய்த் துண்டு.

வேலை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இத்தனை ஆண்டு எதிர்வீட்டில் இருந்துகொண்டு இதை ஏன் நான் முன்பே செய்யவில்லை என்று வருந்தினேன். பின்சக்கரத்தின் 40 கம்பிகளில் ஏழு அறுந்திருந்தன. அவற்றைப் போட்டு, கோட்டம் எடுத்து, எல்லா நிப்பிள்களின் மேலும் கிரீஸைத் தொட்டு வைத்தேன். பெரியப்பா காசு எடுத்தார், வாங்கவில்லை. மறுநாள் காலை வாசலில் ஒரு பனையோலைப் பட்டையில் ஊழி மீன் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் சைக்கிளை மறுபடி திருப்பிப் பார்த்தேன். ஃப்ரீவீல் காய்ந்திருந்தது. ஹோஸ் முனையில் மட்டும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அக்கா மகன் சித்திரையில் வருகிறான். அவனுடைய சைக்கிளின் ஹேண்டில் கப்பை இன்னும் பிரிக்கவில்லை, அது வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு. சீட் பைப்புக்கு மட்டும் மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். இன்று காலை கிளாம்பைத் தளர்த்தி, சீட்டை ஒரு கையால் பிடித்துத் திருப்பினேன். வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது. ஒரு விரல் கிரீஸ் வைத்து மறுபடி இறுக்கி, வடக்குச் சுவரை விட்டு நகர்த்தி, உள்முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். சாக்கு போர்த்தவில்லை.